டாக்டரம்மாவின் பழைய காரும் என் கெட்டிக்காரத்தனமும்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில், காலை பதினொரு மணி. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் வைக்கோல் வண்டி. எனக்கு வியர்த்துக் கொட்டியது. பின் சீட்டில் டாக்டரம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பதறாதீங்க தேவசகாயம். வெயில் ஏறினா அது அப்படித்தான். செத்த நேரம் விட்டா தானா கிளம்பும்" என்றார்.

அதற்கு முன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வண்டியின் குணம் எனக்குத் தெரியும். பானெட்டைத் திறந்தேன். எதிர்க் கடையில் தண்ணீர் வாங்கி, தோளில் கிடந்த துண்டை நனைத்து, பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினேன். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். பம்ப் குளிர்ந்தால் சரியாகிவிடும். இரண்டாவது செல்ஃபில் வண்டி பிடித்துக்கொண்டது.

"பரவாயில்லையே! முன்னால இருந்தவருக்கு இதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்" என்றார் டாக்டரம்மா.

அந்தப் பாராட்டு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

டாக்டர் ரங்கநாயகி பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பன்னிரண்டு கட்டில், இரண்டு நர்ஸ். எண்பதுகளின் நடுவில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிரசவம் சிக்கலானால் அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள், இல்லையென்றால் போன் பண்ணுவார்கள். கார், அவருடைய அப்பா வாங்கியது. அவர் வக்கீல். டாக்டரம்மா மதுரைக்குப் படிக்கப் போனதும் அந்தக் காரில்தான், படித்து முடித்துத் திரும்பியதும் அந்தக் காரில்தான். அப்பா போன பிறகு அதை விற்க அவருக்கு மனம் வரவில்லை. வெளிறிய நீல நிறத்தில் பழைய அம்பாசிடர். கதவைச் சாத்தினால் தகரப்பெட்டி மூடுகிற சத்தம் கேட்கும்.

2. எனக்குக் கிடைத்த பேர்

நாலு வருஷம் ஓட்டினேன். அந்த வண்டிக்கு எத்தனை நோய் உண்டோ அத்தனைக்கும் கையில் வைத்தியம் வைத்திருந்தேன்.

கியர் ராடு ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது லிங்கேஜ் கம்பி பூட்டிக்கொள்ளும். இறங்கி, பானெட்டைத் திறந்து, ஓர் இடத்தில் ஸ்பேனரால் தட்டினால் விட்டுவிடும். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் பொடி. தீப்பொறி கொடுக்கும் பாயிண்ட் கருகினால் உப்புத்தாள். மழையில் நனைந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். பிரேக்கை எப்போதும் இரண்டு தரம் மிதிக்க வேண்டும். முதல் மிதி சும்மா.

"அந்த வண்டிய தேவசகாயம் அண்ணாச்சிய விட்டா யாராலயும் ஓட்ட முடியாது" என்று கார் ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ராஜபாளையத்தில் சுந்தரராஜ் என்று ஒரு மெக்கானிக். அவர் மட்டும் என்னைப் பாராட்ட மாட்டார்.

"அண்ணாச்சி, இன்னும் எம்புட்டு நாளைக்கு ஒட்டுப் போடுவிய? இன்ஜின எறக்கணும், கியர்பாக்ஸ எறக்கணும். சேஸிஸ்ல வேற துரு ஏறிப்போச்சு. அந்தம்மாகிட்டச் சொல்லி மாத்தச் சொல்லுங்க."

"நான் இருக்கறவரைக்கும் ஓடும்யா" என்பேன்.

ஒவ்வொரு வருஷமும் அவர் சொன்னார். ஒரு வருஷமும் நான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை.

3. கூமாப்பட்டி ரோடு

ஒரு பங்குனி மாதம், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கூமாப்பட்டியிலிருந்து அங்கிருந்த நர்ஸ் போன் பண்ணினார். முதல் பிரசவம், குழந்தை குறுக்காகக் கிடக்கிறது. டாக்டரம்மா உடனே கிளம்பினார். கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வத்திராயிருப்பு தாண்டி, ஒரு மணிக்கெல்லாம் போய்விட்டோம். அந்தப் பெண்ணின் பெயர் பேச்சியம்மாள். இருபது வயதுகூட இருக்காது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இங்க முடியாது. ஆபரேஷன் பண்ணணும், ஏத்துங்க" என்றார்.

பின் சீட்டில் அவளைப் படுக்க வைத்தோம். தலையை அவளுடைய அம்மா மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா கீழே, சீட்டுக்கு நடுவில், குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். நல்ல வேகமாகத்தான் வந்தேன். வத்திராயிருப்பு தாண்டி மூன்று மைல் வந்திருப்போம். வண்டி இரண்டு தரம் இழுத்தது. நின்றுவிட்டது.

துண்டை நனைத்துச் சுற்றினேன். பிடிக்கவில்லை. மறுபடி நனைத்தேன். பிடிக்கவில்லை. பம்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே டயாப்ரம் என்கிற ரப்பர் தகடு கிழிந்திருந்தது. அது கிழிந்தால் பெட்ரோல் மேலே ஏறாது. மாற்று டயாப்ரம் என்னிடம் இல்லை.

அப்போதும் எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. "அம்மா, பத்தே நிமிஷம். டேங்க்ல இருந்து பெட்ரோல கேன்ல புடிச்சு, பானெட்டுக்கு மேல கட்டி, ட்யூப் வழியா நேரா கார்புரேட்டருக்கு விட்டுருதேன். ஓடிரும்."

டாக்டரம்மா வண்டிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவர் புடவையில் ரத்தம். "சூடான இன்ஜின் மேல பெட்ரோல் கேனக் கட்டி இந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா? எது வந்தாலும் நிறுத்துங்க."

வந்தது டவுன் பஸ். நான் ரோட்டின் குறுக்கே போய் நின்றேன். டாக்டரம்மா இறங்கி நாலு வார்த்தைதான் பேசினார். கண்டக்டர் உள்ளே திரும்பி, "எல்லாரும் எறங்குங்க, பிரசவ கேஸு" என்று கத்தினார். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. கூடை, சாக்கு, கைப்பிள்ளை எல்லாவற்றோடும் முப்பது நாற்பது பேர் வெயிலில் இறங்கிவிட்டார்கள். நாலு பேர் பேச்சியம்மாளைச் சேலையில் தூக்கிக் கடைசி சீட்டில் படுக்க வைத்தார்கள். பஸ் எங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனது.

நானும் வண்டியும் இறங்கிய ஆட்களும் ரோட்டில் நின்றோம். நான் கேனை எடுத்துக் கட்ட ஆரம்பித்தேன். தலையில் தேங்காய்ச் சாக்கு வைத்திருந்த ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"ஏம்ப்பா டிரைவரு, இந்த வண்டி இப்படி நிக்கும்னு ஒனக்கு முன்னாடியே தெரியாதா?"

"தெரியும்" என்று வாயில் வந்துவிட்டது.

"தெரிஞ்சா ஏன் இதுல கூட்டிட்டு வந்த?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த நாலு வருஷத்தில் நான் பதில் சொல்ல முடியாமல் நின்றது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

4. ஆபரேஷன் தியேட்டர் வாசல்

கேனைக் கட்டி, வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது மணி நாலு. டாக்டரம்மா தியேட்டர் வாசல் பெஞ்சில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பேரும் பிழைச்சுட்டாங்க. பொம்பளப் பிள்ளை" என்றார். "ஆனா இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

நான் மூச்சு விட்டேன். பழக்கதோஷம், உடனே, "வண்டியயும் கொண்டாந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த வண்டி எத்தனை நாளா இந்த நிலைமையில இருக்கு?"

"நான் வந்ததுல இருந்தேம்மா."

"மெக்கானிக் என்ன சொல்றார்?"

"மாத்தச் சொல்லுதாரு. வருஷா வருஷம் சொல்லுதாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

உங்க அப்பா வண்டி, விற்கச் சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். அது பாதி உண்மையும்கூட. ஆனால் அந்தத் தேங்காய்ச் சாக்கு அம்மாவிடம் ஒரு தரம் வாயடைத்து நின்றாயிற்று. மறுபடியும் அப்படி நிற்க எனக்கு மனமில்லை.

"இத ஓட்ட என்னால மட்டுந்தான் முடியும்னு ஊர்ல சொல்லுதாங்கம்மா. நல்ல வண்டி வந்துட்டா யாரு வேணும்னாலும் ஓட்டலாம்ல. அதான் சொல்லல."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் சொன்னார்: "நானும் அப்பா வண்டின்னு எதையும் கேக்காம கண்ண மூடிக்கிட்டேன். தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கு. வேற வண்டி வாங்கணும். நீங்களே பாருங்க. ஒரு வண்டிக்கு என்னென்ன நோய் வரும்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

5. வண்டி பார்த்தது

இளைய டிரைவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கலாம்.

புரோக்கர் கோவிந்தன் முதலில் காட்டியது பளபளவென்று ஒரு வெள்ளை அம்பாசிடர். டாக்டரம்மாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. "ஆஸ்பத்திரி வண்டி வெள்ளையா இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார். நான் கோவிந்தனிடம், "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாரேன். நான் வந்த பொறவுதான் ஸ்டார்ட் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போய் முதல் வேலையாகப் பானெட்டில் கையை வைத்தேன். சுட்டது.

"கோயிலுக்கு ஒரு நடை போய்ட்டு வந்தோம் அண்ணாச்சி" என்றார் கோவிந்தன்.

பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடக்கிற இன்ஜினை எழுப்பினால்தான் அதன் யோக்கியதை தெரியும். சூடு பண்ணி வைத்துவிட்டுக் காட்டுகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள். கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். அடித்தகடு பூராவும் துரு. அதன் மேலும் புது பெயிண்ட். திரும்பி வந்து டாக்டரம்மாவிடம், "வேண்டாம்மா" என்றேன். அடுத்த வண்டியைப் பார்க்கச் சொன்னார்.

இரண்டாவது வண்டி, மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற, ராஜு சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் வீட்டில் நின்றது. டீசல் அம்பாசிடர். கரும்பச்சை நிறம், அங்கங்கே கீறல். "ரண்டி, ரண்டி" என்று அவர் தெலுங்கில் வரவேற்று, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பானெட் குளிர்ந்திருந்தது. ஒரே செல்ஃபில் எழுந்தது. ஓட விட்டு ஆயில் மூடியைத் திறந்தேன், புகை வரவில்லை. முன் சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. டாக்டரம்மா, மேனேஜர், கோவிந்தன் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு அய்யனார் கோவில் ரோட்டில் போனேன். மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி எடுத்தேன். கியர் துள்ளவில்லை. ஒரே மிதியில் பிரேக் பிடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு நாள் கழித்து ஒரே மிதி!

"என்ன டிரைவரே, குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டார் மேனேஜர்.

"கலர்தான் சார்" என்றேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, "கலர் எனக்குப் பழகிரும்" என்றார்.

6. பழசை வாங்கியவர்

பழைய வண்டியைக் கேட்டு முதலில் வந்தவர் தேவதானத்துக்காரர். உடம்பு முடியாத அப்பாவை வாரம் ஒரு தரம் மதுரைக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். நான் வண்டியின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். "எல்லாம் பாத்துக்கிடலாம்" என்றார். "நீங்க பாத்துக்கிடலாம், உங்க அப்பா பாவம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டாக்டரம்மா ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்து வந்தவர் ராஜபாளையத்தில் மைக் செட் வைத்திருந்த முத்தையா. அவரிடமும் அதே பட்டியலைச் சொன்னேன்.

"நிக்கும்னுதானே சொல்லுதிய? நிக்கட்டும். மேல ரெண்டு குழாயக் கட்டி, தெருத்தெருவாப் போயி அறிவிப்புச் சொல்லப் போறேன். நின்ன எடத்துல ரெண்டு பாட்டுக் கூடப் போட்டாப் போச்சு. எனக்குச் சத்தம் போனாப் போதும், வண்டி போகணும்னு இல்ல."

அவருக்குக் கொடுத்தோம். போகும்போது டாக்டரம்மா வெளியே வந்து, டிரைவர் சீட்டை ஒரு தரம் கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

7. புது வண்டி

பச்சை வண்டியில் நாங்கள் முதலில் போன பெரிய கேஸும் கூமாப்பட்டிப் பக்கம்தான். மத்தியானம் மூன்று மணிக்குப் போனோம். அங்கேயே பிரசவம் நல்லபடியாக முடிந்தது. ஐந்து மணிக்குத் திரும்பினோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டேன், அது வேலை செய்தது. வத்திராயிருப்பு வந்தது, கிருஷ்ணன்கோவில் வந்தது. சொல்வதற்கு ஒன்றுமே நடக்கவில்லை.

கிருஷ்ணன்கோவில் திருப்பத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். டாக்டரம்மா ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி, நல்ல தூக்கத்தில் இருந்தார். நாலு வருஷம் அவருக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். எவ்வளவு களைத்துப் போயிருந்தாலும் அவர் ஒரு நாளும் காரில் தூங்கியதில்லை. எப்போது நிற்குமோ என்று அவருக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கும் அது உறைத்ததில்லை. நான் ஸ்பேனரைப் பிடிக்கிற அழகில் கண்ணாடியைப் பார்க்க மறந்துவிட்டேன்.

அதன் பிறகு பதினோரு வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தேன். வண்டி வேலை அந்தந்த மாதமே சுந்தரராஜிடம் போய்விடும். குறை இருந்தால் அன்றைக்கே டாக்டரம்மாவிடம் சொல்லிவிடுவேன். கார் ஸ்டாண்டில் என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் பேசுவது மெல்ல நின்றுபோனது.

வழியில் நின்ற வண்டியைச் சரி செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிற்கப் போகிற வண்டியில் ஆளை ஏற்றாமல் இருக்கத் தெரிந்தவன்தான் டிரைவர். மற்றது உங்கள் வண்டிக் கண்ணாடியிலேயே தெரியும். பின் சீட்டில் இருப்பவர் தூங்குகிறாரா என்று பாருங்கள்.