பின்னுக்கு இழுத்த தூண்டில் முள்

வடமாலபேட்டை ஏரியில் ஞாயிறுதோறும் நானும் நண்பனும் தூண்டில் போடுவோம். சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் பழம் நறுக்குவது அவன் வேலை. நான் திருப்பதியில் பத்திரிகை உதவி ஆசிரியர்; கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். அதனால் ஓர் ஏற்பாடு: பிடிப்பது நான், வீட்டுக்கு எடுத்துப்போவது அவன்.

"துன்னாதான் பாவம், புடிச்சா பாவம் இல்லியா சாமி?" என்று வாராவாரம் கேட்பான்.

அன்று நான் கோலைப் பின்னால் வீசியபோது முள் அவனுடைய வலது கட்டைவிரலில், மூட்டுக்குக் கீழே இறங்கியது. தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கிய இன்னொரு சிறு முள் உண்டு. போன வழியே அது திரும்பாது. முதலுதவி பற்றி நானே திருத்தி அச்சுக்கு அனுப்பிய கட்டுரையில் இருந்தது: மூட்டருகே ஆழமாக இறங்கியதைப் பிடுங்கக் கூடாது, நைலான் நூலை வெட்டிவிட்டு, முள் அசையாதபடி துணி சுற்றி, மருத்துவரிடம் போக வேண்டும்.

"நாராயணவனம் கிட்டதான். ஆஸ்பத்திரிக்கு வண்டிய வுடு" என்றான்.

அந்த ஊர்க் கோயிலில்தான் என் அக்காவின் கணவர் இருக்கிறார். அவரையும் என்னையும் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். நான் மீன் பிடித்த செய்தி சாயங்காலத்துக்குள் அக்கா வீட்டுக்குப் போய்விடும்.

"வேண்டாம்டா. நானே எடுத்துடறேன்."

"பாத்து எடு சாமி. இந்தக் கையிலதான் கத்தி புடிக்கணும்."

இடுக்கியால் பிடித்துப் பின்னுக்கு இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் சதையோடு வந்தது. ஏரித் தண்ணீரில் கழுவிக் கைக்குட்டையால் கட்டினேன். ஊசி போட வேண்டாமா என்று கேட்டான். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

மூன்றாம் நாள் வீக்கம் உள்ளங்கைக்கு இறங்கியது. திருப்பதியில் சீழை எடுத்த மருத்துவர், முள்ளை இழுத்தது யார் என்று தெலுங்கில் கேட்டார்.

"நேனே சார்" என்று, தானே இழுத்ததாகச் சொன்னான் நண்பன், என்னைப் பார்க்காமல்.

எங்கள் குடும்பத்தை அறிந்தவர் யாரும் அந்த அறையில் இல்லை. அப்போதும் அவன் சொன்னதை நான் திருத்தவில்லை.

விரல் இனி மடங்காது. இந்தப் பருவத்தில் அவனுக்குக் கத்தி தரவில்லை. காலிக் கூடைகளைக் கழுவுகிறான். போன வாரம் ஆலை வாசலில் டீ குடித்தோம். டம்ளரை நான்கு விரல்களால் பிடித்திருந்தான்.

"ஏரிக்குப் போய்க்கினு இருக்கியா?"

"இல்ல. விட்டுட்டேன்."

"நல்லா வுட்ட போ. வூட்ல மீனு எங்கன்னு கேக்கறாங்க, நான் என்னா சொல்றது?"