அடையாளம் காட்டச் சொன்னார்கள்

என் மகள் மாலை வகுப்புக்குப் போவதை நிறுத்துவதா, தொடர விடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவள் நான் ஒருத்திதான். அவளுடைய அத்தா, என் கணவர், வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அங்கிருந்து கருத்துச் சொல்லலாம், வாசலில் நின்று காத்திருக்க முடியாது.

தஞ்சாவூரின் விளிம்பில், வயல்களைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. மூன்று பக்கமும் இன்னும் நெல்தான். மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். வகுப்பு மாலையில், ஊருக்குள். மெயின் ரோடு சுற்று. வாய்க்கால் கரைச் சாலையில் போனால் பாதி நேரம்தான் ஆகும் என்பதால் எல்லோரும் அந்த வழியில்தான் போவார்கள். நடுவில் வாய்க்கால்மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஊராட்சி, அந்தப் பக்கம் மாநகராட்சி. தெருவிளக்குகள் அந்தப் பக்கத்திலிருந்து வரிசையாக வந்து பாலத்துக்கு முன்னால் நின்றுவிடும். குடிவந்த புதிதில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

சம்பா நடவு நேரம். சீக்கிரம் இருட்டிவிடும் நாட்கள். நான் மஃரிப் தொழுதுவிட்டு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டது, ஆனால் வண்டிச் சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்தால் மகள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். உதடு கிழிந்து முகவாயில் ரத்தம். ஷால் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

"லைட்டு உடைஞ்சிருச்சும்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் "செயின் போச்சு" என்றாள்.

பின்னால் வந்த பைக்கில் இரண்டு பேர். இருவருமே ஹெல்மெட் போட்டிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவள் கழுத்தில் கைவைத்து இழுத்திருக்கிறான். செயின் அறுந்து பாதி அவனோடு போயிற்று. மீதி ஷாலில் சிக்கிக் கிடந்தது. கழுத்தின் பக்கவாட்டில் நீளமான கீறல்கள். செயின் அறுத்த கோடு தனியாகத் தெரிந்தது. கீறல்கள் நகம் கிழித்தவை. மருந்து வைத்துக் கட்டிய டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் காரிலேயே காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்த ஏட்டு பொறுமையாகத்தான் கேட்டார். எந்த இடம் என்றார். பாலத்துக்கிட்ட என்றாள் மகள்.

"கிட்டன்னா? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம் கையை வெச்சான் சார். இழுத்துக்கிட்டே வந்தான். இந்தப் பக்கம் வந்து விழுந்தேன்."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். விழுந்த இடம் அவர்கள் எல்லையில் இல்லையாம்; அது அடுத்த ஸ்டேஷன். அங்கே போனால் கைவைத்த இடத்தைக் கேட்பார்களே என்றேன். கேட்கத்தான் கேட்பார்கள் என்று ஒத்துக்கொண்டார். சங்கத் தலைவருக்கு எரிச்சல். "பாலத்து நடுவுல விழுந்திருந்தா ரெண்டு ஸ்டேஷனும் சேர்ந்து வந்திருப்பீங்களோ?" என்றார். ஏட்டே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் மட்டும் உதட்டின் காயம் இழுக்க லேசாகச் சிரித்தாள். வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் மாறியது.

அடுத்த ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. ஒருவர் இருந்தார். பக்கம் எதுவென்று அவர் கேட்கவில்லை. புகாரை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். கிளம்பும்போது மகளை நிறுத்தி, "கழுத்தைப் போட்டோ எடுத்து வெச்சுக்க பாப்பா. சீக்கிரம் ஆறிடும். அப்புறம் எங்க எழுத்துல மட்டும்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் அவளுடைய அத்தா வீடியோவில் வந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். வகுப்பு போதும் என்றார். வலங்கைமானில் அவருடைய அக்கா வீட்டில் இருக்கட்டும், அங்கிருந்து படித்தாலும் பரீட்சை பரீட்சைதான் என்றார். எனக்கும் அப்போது அதுதான் சரி என்று பட்டது. அந்த வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும். தெருவில் எல்லோரும் சொந்தம். போனை வைத்த பிறகு மகள் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"மாமி வீட்டுக்குப் போனா நான் திரும்பி வரமாட்டேன்மா. முதல் மாசம் படிக்கச் சொல்லுவாங்க. ரெண்டாவது மாசம் மாப்பிள்ளை பார்ப்பாங்க."

அது பொய்யில்லை. நாத்தனார் நல்லவர். நல்லவர் என்பதால்தான் மாப்பிள்ளை பார்ப்பார்.

அந்த வாரமே சங்கம் கூட்டம் போட்டது. எங்கள் நகரின் சின்னப் பூங்காவில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டரையும், அந்தப் பக்கத்து கவுன்சிலரையும், ஊராட்சித் தலைவரையும், மாநகராட்சிப் பொறியாளர் ஒருவரையும் அழைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கேமரா வைக்கச் சொன்னார். சங்கமே வாங்கி மாட்டிக்கொண்டால் நல்லது என்றார். தெருவிளக்கு போடத் தாங்கள் தயார், ஆனால் எல்லையைத் தாண்டிக் கம்பம் நட விதியில் இடமில்லை என்றார் பொறியாளர். ஊராட்சித் தலைவர் தீர்மானம் போட்டு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். கரையில் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும் புதரை வெட்டலாமே என்று ஒரு பெண் கேட்டதற்கு, கரை தங்கள் இருவருக்குமே சொந்தமில்லை, வாய்க்காலைப் பார்க்கும் துறைக்குச் சொந்தம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். யாரும் எங்களைத் துரத்தவில்லை. மரியாதையாகவே பேசினார்கள். அவர்கள் பேசப் பேச அந்தச் சாலை இன்னும் இருட்டாகிக்கொண்டே போவதுபோல இருந்தது எனக்கு.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒருவர் வடநாட்டு ஆட்களைப் பற்றி ஆரம்பித்தார். பாலத்தை ஒட்டிய வயல்காரர் அந்த வருஷம் நடவுக்கு வடக்கேயிருந்து ஆட்களைக் கொண்டுவந்திருந்தார். இங்கே நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தார்கள். "அவனுங்க வந்த பொறவுதான சார் இதெல்லாம்" என்றார் அவர். பூங்காவில் ஒரு சலசலப்பு. அதுவரை கம்பம், தீர்மானம் என்று பிடிபடாமல் இருந்த விஷயத்துக்கு ஒரு முகம் கிடைத்த நிம்மதி அது. எனக்குள்ளும் அந்த நிம்மதி வந்தது. இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து எஸ்.ஐ. போன் செய்தார். அந்த ஆட்களில் இரண்டு பேரை அழைத்து வந்திருக்கிறார்களாம். அவர்களிடம் ஒரு பழைய பைக் இருக்கிறது, ஹெல்மெட்டும் ஒத்துப்போகிறது. முறையான அடையாள அணிவகுப்பு இல்லை, பாப்பா சும்மா வந்து பார்த்துச் சொல்லட்டும் என்றார். இவன்தான் என்று அவள் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், வலங்கைமானும் வேண்டாம், வகுப்பும் நிற்காது என்று காரில் போகும்போது நான் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். சங்கத் தலைவரும் உற்சாகமாக இருந்தார்.

உள்ளே ஒரு அறையில் அந்த இருவரும் நின்றார்கள். இருபது வயதுகூட இருக்காது. ஒருவன் கைலியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். வயலிலிருந்து அப்படியே அழைத்து வந்திருக்க வேண்டும், முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஹெல்மெட்டைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

மகள், "முகம் வேண்டாம் சார். நான் முகத்தைப் பார்க்கலை. கையைக் காட்டச் சொல்லுங்க" என்றாள்.

எஸ்.ஐ. தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கை, கை என்று சைகை காட்டினார். அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, இருவரும் உள்ளங்கையை மேலே வைத்து நீட்டினார்கள். மகள் திருப்பச் சொன்னாள். திருப்பினார்கள். வாரக்கணக்கில் நாற்று நட்ட கைகள். தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. விரலிடுக்குகளில் சேற்றுப்புண், அதில் தடவிய மருந்து ஊதாவாகக் காய்ந்திருந்தது. நகங்கள் தேய்ந்து சதைக்குள் போயிருந்தன. ஒருவனுக்குக் கட்டைவிரல் நகமே இல்லை.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கை தன் கழுத்துக்குப் போனது.

"இவங்க இல்லை" என்றாள்.

"நல்லாப் பார்த்துச் சொல்லும்மா."

"என்னைக் கீறினவனுக்கு நகம் இருந்தது சார். நீளமா."

"இடையில வெட்டியிருக்கலாமே?"

"வெட்டின நகம் இப்படி இருக்காது சார்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். தாய் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று எழுதித் தருவாயா என்று அவளிடமே திரும்பிக் கேட்டார். தருகிறேன் என்றாள். எஸ்.ஐ. தாளை எடுத்து வைத்து, அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு அந்த இருவரிடமும் ஏதோ சொன்னார். அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்கள். எங்களைத் தாண்டும்போது தலை தூக்கவில்லை.

திரும்பும் வழியில் சங்கத் தலைவர்தான் ஆரம்பித்தார். மெயின் ரோடு வந்த பிறகு, "நாலு பேர் அலைஞ்சு சொல்லிப் புடிக்க வெச்சோம் டீச்சர். பாப்பா அவசரப்பட்டுச்சோ?" என்றார். நான் முன்பு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் தெருவில் எல்லோருக்கும் டீச்சர். அன்று மாலையே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பாதிக்கப்பட்டவர்களே ஒத்துழைக்காவிட்டால் போலீஸ் என்ன செய்யும் என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அதைவிட மறுநாள் வந்தவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பாலத்தடி வயல்காரர். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றதற்கு வேண்டாம் என்று கையசைத்தார்.

"ஆளுங்க எல்லாரும் கிளம்பிட்டானுங்க டீச்சர். பாதி வயல் அப்படியே கெடக்கு. நாத்து முத்திப்போவுது. போலீஸ் வந்து நட்டுக் குடுக்குமா?"

மகள் உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். "நான் அவங்க இல்லைன்னுதான் மாமா எழுதிக் குடுத்தேன்."

"நீ எழுதிக் குடுத்தது அவனுங்களுக்கு எப்படித் தாயி தெரியும்? புடிச்சிக்கிட்டுப் போனதுதான் தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். அன்று முழுக்க அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. நான் பயந்துபோனேன். விழுந்த அன்றுகூட அவள் இப்படி இருந்ததில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது, "நாளைக்கு வகுப்புக்குப் போறேன்" என்றாள். என் அனுமதியைக் கேட்கும் குரலில் இல்லை.

அவள் போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் நான் யோசித்துவிட்டிருந்தேன். உண்மையில் பறித்தவன் எங்கோ நிம்மதியாக இருக்கிறான். அந்த இரண்டு பையன்கள் வேறு ஏதோ ஊர் வயலில் நிற்கிறார்கள். இவள் வலங்கைமானில் ஒரு அறையில் உட்கார்ந்திருப்பாள். அத்தாவுக்குப் போன் செய்து, போகட்டும், நான் கூடப் போகிறேன் என்றேன். தினமுமா என்று கேட்டார். தினமும் என்றேன்.

அப்படியே செய்தேன். அவளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டேன். வகுப்பு நடக்கும்போது கீழே ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போகும்போது வெளிச்சம் இருந்தது, திரும்பும்போது இல்லை. விளக்குகள் முடிந்து பாலம் வந்ததும் பின்னால் ஒரு பைக் சத்தம் கேட்கும். தினமும் ஏதாவது ஒன்று வரும், ஊர்ச் சாலைதானே. பால் கேன்காரர், குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு போகும் தகப்பன், டியூஷன் முடிந்த பிள்ளைகள். நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். ஒவ்வொன்றும் தாண்டிப் போகும்வரை அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். வீட்டு வாசலில் இறங்கியதும் மகள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "நாளைக்கு நீ வரவேண்டாம்மா" என்றாள்.

ஏன் என்றேன்.

"தனியாப் போனா எனக்குப் பயமிருக்காது. நீ பின்னால உக்காந்து நடுங்குறது ஹேண்டில்பார் வரைக்கும் வருது. நேத்துப் பாலத்துல ரெண்டு தடவை தடுமாறிட்டேன்."

அடுத்த நாள் அவள் தனியாகத்தான் போனாள், அதே சாலையில். கம்பம் இன்னும் நடவில்லை. எஸ்.ஐ. இடையில் ஒருமுறை போன் செய்து, வேறு ஊர் வழக்கு ஒன்றில் சிக்கியவர்களை விசாரிப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. மகள் வழக்கமான நேரத்துக்கு வந்து, பசிக்கிறது என்றாள். தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவளுடைய அத்தா அழைத்தார்.

"கூடப் போயிட்டு வந்தியா?"

"போயிட்டு வந்தேன்" என்றேன்.

மகள் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கும் போ" என்றார்.

சரி என்றேன்.