பிரிக்காத கம்பிகள்

கோட்டுச்சேரி ஆரோக்கியஜோசப் வீட்டில் ஒரு பாத்திரத்தில் மட்டும் சாப்பாட்டுச் சாமான் எதுவும் வேகாது. அது கம்பி வேகும் பாத்திரம். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளை எடை போடுகிற மனுஷனின் விரலில் எத்தனை சோப்புப் போட்டாலும் நிலக்கரித் தூசு போகுமா? உப்புக்காற்று வேறு. ஞாயிறு பூசையில் அவர் வாசிக்கும் பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளும் இரண்டே மாதத்தில் மழுங்கிவிடும். கழற்றிச் சுருட்டி, கொதிநீரில் போட்டு, துடைத்து, மறுபடி மாட்டுவார். கொஞ்ச நாள் ஒலி எழும்பும். பிறகு மறுபடி அடுப்பு.

“அண்ணே, ரசம் கொதிச்சிடுச்சா?” என்று கீபோர்டு வாசிக்கும் ஜெனிஷா கிண்டலடிப்பாள். “புதுசு ஒரு செட் மாட்டினா என்னவாம்?”

புதுசு இல்லாமலா? அலமாரியில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. அவர் மனைவி ஒதெத் அனுப்பியது. அவள் குடும்பவழியில் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி. வேலைக்காகப் பாரிஸ் போய் ஆறு வருஷம் ஆகிறது. இவருடைய விசாவுக்கான விண்ணப்பக் கட்டு ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காகிதம் இல்லையென்று திரும்பி வந்தது. பாரிஸ் போனபின் வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவள் இந்தக் கம்பிகளோடு ஒரு சீட்டும் வைத்திருந்தாள்: ‘இது தேயறதுக்குள்ள நீங்க இங்க வந்துடுவீங்க.’

அங்கேதான் சிக்கல். மாட்டினால் தேயும். தேய்ந்த பிறகும் தான் கோட்டுச்சேரியிலேயே கிடந்தால்? அந்தப் பயத்தில் உறையைப் பிரிக்கவே இல்லை. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அவளைப் பார்க்காத ஏக்கத்தில் மனுஷன் வேறு எதைப் பிடித்துக்கொள்வார்?

இந்த ஆண்டு திருவிழா அன்று, மாலைப் பூசைக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, வெந்து வெந்து இற்றுப்போயிருந்த தடித்த கம்பி பட்டென்று அறுந்தது. கடைக்குப் போக நேரமில்லை. அலமாரியைத் திறந்தார். உறையைப் பிரித்தார்.

புதுக்கம்பியை மாட்டி இழுத்தார். முறுக்காணிக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. அட கடவுளே! குட்டைக் கழுத்துக் கிட்டாருக்கான கம்பி. உறையின் மேலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. இவர் இத்தனை வருஷமும் அந்தச் சீட்டைத்தான் படித்தார். இந்தக் கிட்டாரைத் தினம் துடைத்து வைத்தவளுக்கு இதன் நீளம் மறந்துபோச்சா? தாங்க முடியாமல் போன் போட்டார்.

“கம்பி எட்டல, ஒதெத்.”

“எந்தக் கம்பி?”

“நீ அனுப்பினது.”

“அது வந்து அஞ்சு வருஷம் ஆச்சே! இப்பப் போயி சொல்றீங்க?”

“இன்னைக்குத்தான் பிரிச்சேன். தேஞ்சுடுமேன்னு…”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “உங்க காகிதம் வரப்ப வரட்டும், நானே வரேங்க,” என்றாள். “நீளத்த அளந்து சொல்லுங்க, கையோட கொண்டாரேன்.”

எப்போது என்று கேட்க அவருக்கு நாக்கு துடித்தது. கேட்டால் ஒரு தேதி சொல்லிவிடுவாள். அப்புறம் அந்தத் தேதியையும் அலமாரியில் வைத்துக் காக்க வேண்டும். டேப்பை எடுத்து அளந்தார்.

“எழுதிக்க,” என்றார். “எண்பத்தாறு சென்டிமீட்டர்.”