கடைசிப் பக்கமும் கீழே நின்ற நானும்

என் மனைவியின் அண்ணன் எங்கள் இரும்புப் பட்டறையில் கிரேன் ஓட்டினார். பேப்பரைப் பின்னாலிருந்து படிப்பதால் பட்டறையில் அவர் பெயர் 'கடைசிப் பக்கம்'. பத்து மணி டீக்குக் கிரேன் கூண்டிலிருந்து இறங்கியதும் முதலில் விளையாட்டு, அப்புறம் படக்கதை. நாட்டு நடப்பை மடித்து ஓரமாக வைத்துவிடுவார்.

கோல்கீப்பர் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி நிற்கிறான் என்பார். தொப்பைப் போலீஸ்காரரும் நாயும் வருகிற படக்கதை முன்பு நன்றாக இருந்ததாம். நாயைப் பேசவைத்தானே, அன்றோடு சிரிப்பு போச்சாம். எனக்கு இரண்டும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அவர் பேச்சு இல்லாமல் எனக்கு டீ இறங்காது.

அவர் மேலே, நான் கீழே. சங்கிலியை மாட்டிவிட்டு நான் கை காட்டுவேன். விரல் மேலே என்றால் தூக்கணும், கீழே என்றால் இறக்கணும், கையை மூடினால் நிறுத்தணும். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கேட்காது. பதினாறு வருஷமாக என் உயிர் அவர் கண்ணில் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, நான் கையை மூடிய பிறகும் தகட்டுக் கட்டு ஒரு சாண் இறங்கியது. காலை இழுத்துக்கொண்டேன். பிரேக் தேய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் டீ நேரத்தில் பேப்பரை விரித்து, இன்றைக்கு நாய் போலீஸ்காரரை நன்றாக மடக்கிவிட்டது என்றார். எட்டிப் பார்த்தேன். அன்று படக்கதையே போடவில்லை. அந்த இடத்தில் மெத்தை விளம்பரம். கிண்டல் பண்ணுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் திங்கட்கிழமை இறங்கிய கட்டு ஞாபகம் வந்தது.

தனியாகக் கேட்டபோது மறைக்கவில்லை. விளையாட்டை ரேடியோவில் கேட்டுக்கொண்டு வருவாராம். படக்கதையை மகள் காலையில் வாசித்துச் சொல்வாளாம். அன்று அவள் ஊரில் இல்லை. குத்துமதிப்பாக அடித்துவிட்டார். கண்ணில் இருப்பது கண்ணாடிக்கு அடங்காத கோளாறு என்று டாக்டர் சொல்லி நாலு மாசமாகிறது.

"கை தெரியுது மாப்ள. விரல்தான் தெரியல. இன்னும் ஒன்றரை வருஷம், ஓய்வாயிடுவேன்."

"அது வரைக்கும் நான் இருக்கணுமே மச்சான்."

ரெண்டு நாளில் நீங்களே ஃபோர்மனிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். வீட்டில் சொன்னபோது மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க அண்ணன் சோத்துல மண்ணைப் போடத்தான் எங்க வீட்ல பொண்ணு எடுத்தீங்களா?"

என் கால் போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாளும் கூண்டில் ஏறினார். நான் சங்கிலியை மாட்டிவிட்டு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து மணி அடித்தார். மறுபடியும் அடித்தார். வெல்டர்கள் முகமூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். ஃபோர்மன் ஓடிவந்து, கையில் சுளுக்கா என்று கேட்டார். நான் மேலே கூண்டைப் பார்த்தேன்.

மணி நின்றது. மச்சான் ஏணியில் இறங்கினார், ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி. இத்தனை நாள் அவர் இறங்குவதை நான் கவனித்ததே இல்லை. கீழே வந்து ஃபோர்மனிடம் அவரே சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

இப்போதைக்கு வீட்டுக்குப் போங்கள், ஆபீஸில் கூப்பிடுவார்கள் என்றார் ஃபோர்மன். வேறு ஆள் மேலே ஏறினான். நான் விரலை உயர்த்தினேன். சரக்கு எழும்பியது. மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.