பத்து மணிக்கு இறங்கிடுவாங்க என்றேன்

அறுபதுகளின் தொடக்கம். பெங்களூரில் விமான டிக்கெட் பதிவு செய்யும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் கால அட்டவணைப் புத்தகம் கையில் இருந்ததால், உலகமே என் சட்டைப்பையில் இருப்பதாக நினைப்பு.

நர்ஸ் வேலைக்கு லண்டன் போகும் ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தாள். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்து, மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருவைப் பெருக்குகிறவர். மகள் படிவம் நிரப்பும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இது எப்ப சார் போயி எறங்கும்? ஊருக்குப் போனவங்க போய்ச் சேர்ற வரைக்கும் பெருக்கக் கூடாதுல்ல. எனக்குப் பொழப்பே அதுதான். அதுவரைக்கும் லீவு சொல்லிடறேன்."

புத்தகத்தைப் புரட்டினேன். நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்குப் பம்பாயில் கிளம்பி, பத்துக்கு லண்டன். "எட்டரை மணி நேரம்தாம்மா. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இறங்கிடுவாங்க" என்றேன் பெருமையாக. காலையில் மட்டும் லீவு போட்டால் போதும், மத்தியானம் வேலைக்கு வந்துவிடலாம் என்று அவர் நிம்மதியாகப் போனார்.

அந்த வியாழக்கிழமை மதியம் வேறொருவருக்கு இதே கணக்கைச் சொன்னபோது மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "அதுல போட்டிருக்கிறது அந்தந்த ஊர்க் கடிகாரம்ப்பா! லண்டன்ல பத்துன்னா நமக்கு மத்தியானம் மூணரை. மொத்தம் பதினாலு மணி நேரம்!"

மணி இரண்டாகப் போகிறது. இந்தச் சம்பிரதாயத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்றுகூட யோசிக்கவில்லை. சைக்கிளை எடுத்து மிதித்தேன்.

அந்த அம்மா அப்போதுதான் துடைப்பத்தோடு குனிந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். துடைப்பம் கையிலிருந்து நழுவியது. "எம் பொண்ணு இன்னும் மேலதான் இருக்குதா?" என்று வானத்தைப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மேற்பார்வை மேஸ்திரி வருகிற நேரம். தெரு குப்பையாகக் கிடந்தால் அந்த அம்மாவின் வேலைக்கே ஆபத்து. துடைப்பத்தை நான் எடுத்தேன். "ஐயோ, நீங்க தொடலாமா சார்?" என்று பதறினார். "தப்பு என்னோடதும்மா" என்று பெருக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வெட்கத்தில் காது சுட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அந்த அம்மா, "காத்துக்கு எதிரா தள்ளாதீங்க சார், எல்லாம் உங்க மேலயே வருது" என்றார்.

மேஸ்திரி வந்து, இது யார் என்று கன்னடத்தில் அதட்டினார். "நம்ம ஹுடுகா சாமி" என்றார் அந்த அம்மா. நம்ம பையன் என்று.

மூன்றரை ஆனதும் கைக்கடிகாரத்தைக் காட்டி, "இறங்கியிருப்பாங்கம்மா" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு துடைப்பத்தை வாங்கினார். நான் பெருக்கிய தெரு முழுவதையும் முதலிலிருந்து மறுபடி பெருக்கினார்.

ஓய்வு பெறும்வரை எத்தனையோ பேருக்குப் பயண நேரம் சொல்லியிருக்கிறேன். மேலே ஒருவர் பறக்கும் நேரமெல்லாம் கீழே இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார் என்பதை மறந்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை.