நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக்குகள்

டீசல் கார் ரிப்பேர் என்பது பாதி ஸ்பேனர் பிடிக்கிற வேலை, பாதி பொய் கேட்கிற வேலை. ஸ்பேனர் பிடித்துப் பழகிவிடும். பொய் கேட்டுப் பழகவே பழகாது. நீங்கள் பல் பிடுங்குகிறவராக இருக்கலாம், மிக்ஸி ரிப்பேர் செய்கிறவராக இருக்கலாம். "நான் ஒண்ணுமே பண்ணல, தானா இப்படி ஆயிடுச்சு" என்று எதிரில் ஒருவர் நின்று சொல்ல, வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் நீங்கள் என் சொந்தக்காரர். மேலே படியுங்கள்.

எனக்கு ஊர் நகரி. கொஞ்ச வருஷம் சித்தூரில் ஒரு ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு ஒரே வியாதி. இன்ஜின் தலையில் கேம்ஷாஃப்ட் என்று ஒரு தண்டு சுற்றுகிறது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடுவது அதன் வேலை. அதன் ஓரத்தில் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் ஒன்று ஒட்டிக்கொண்டு அதனுடனேயே சுற்றும். பிரேக் மிதிக்கும்போது நம் காலுக்குப் பலம் கொடுப்பது அந்தப் பம்ப்தான். ஆயில் சரியாக வராவிட்டால் பம்ப் காயும், பிரேக் ஹார்டு ஆகும். அப்போதும் வண்டியை ஓட்டினால் பம்ப் இறுகிப்போய் கேம்ஷாஃப்டையும் பிடித்து நிறுத்தப் பார்க்கும். தண்டைச் சுற்றவைக்கும் டைமிங் செயின் கீழேயிருந்து இழுக்கும், விடாது. கடைசியில் செயின் கியர் பல்லைத் தாண்டித் தாவும். டைமிங் போச்சு. தாவல் பெரிதானால் வால்வு மேல் பிஸ்டன் முட்டும். இன்ஜின் நின்றுவிடும்.

சமதரையில் நின்றால் தொலையட்டும், செலவோடு போகும். ஆனால் எங்கள் ஊரில் கார் வாங்குகிறவர்கள் முதல் காரியமாக மலைக்குப் போகிறார்கள். குடும்பத்தோடு போகிறார்கள். இறங்குகிற வளைவில் பெடல் கல்லாகிவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அதனால் வருகிற எல்லாரிடமும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "பிரேக் முன்னாடியே ஹார்டு ஆச்சா?" தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் பதிலும் ஒன்றுதான். "நின்னட்டி தாகா பாகனே உண்டெ அண்ணா." நேற்றுவரைக்கும் நன்றாகத்தான் இருந்ததாம்.

சீட்டு ஏன் முன்னால் வந்தது

ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் சென்னைப் பையன் ஒருவர். திருப்பதியில் வீடு எடுத்துத் தங்கி, தினமும் காரில் போய் வருகிறவர். காளஹஸ்தி பக்கம் வண்டி நின்றுபோய் கட்டி இழுத்து வந்தார்கள். பம்ப் இறுகிப்போய் டைமிங் தாவியிருந்தது. என் கேள்வியைக் கேட்டேன். நேற்றுவரை சூப்பராக இருந்தது என்றார்.

வண்டியை உள்ளே தள்ள டிரைவர் சீட்டில் உட்காரப் போனேன். உட்கார முடியவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. நான் ஐந்தடி நாலங்குலம். அவர் ஆறடிக்கு மேல். சீட்டை இவ்வளவு முன்னால் இழுத்துப்போட்டு, மடங்கி உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். ஏன் தம்பி என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்:

"ரெண்டு வாரமா ரெண்டு காலையும் வெச்சு மிதிக்கிறேண்ணா, அதுக்கு கிட்ட இருந்தா வசதியா இருக்கு. மத்தபடி பிரேக்ல ப்ராப்ளம் எதுவும் இல்ல."

டிராக்டர் வைத்தியம்

பங்காருபாளையத்தில் மாங்காய் வியாபாரம் செய்கிறவர். சீசன் நேரத்தில் தோப்புக்கும் மண்டிக்கும் நடுவே அதே பம்ப் வியாதியில் வண்டி நின்றுவிட்டது. நின்ற வண்டியைத் தொடாமல் எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் செயினோடும் பம்ப்போடும் முடிந்திருக்கும். இவருக்கோ பொறுமை இல்லை. ஆட்களை விட்டுத் தள்ளியிருக்கிறார். அசையவில்லை. பிறகு டிராக்டரில் கயிறு கட்டி, காரை இரண்டாவது கியரில் போட்டு, அரை கிலோமீட்டர் தரதரவென்று இழுக்க விட்டிருக்கிறார். டைமிங் தவறிய இன்ஜினை இப்படிச் சுற்ற வைத்தால், திறந்து நிற்கிற வால்வுகளைப் பிஸ்டன் வந்து ஒவ்வொன்றாகக் குத்தும். உள்ளே 'கடக் கடக்' என்று சத்தம் வந்ததாம். "சரி, ஸ்டார்ட் ஆகப் போவுது" என்று சந்தோஷப்பட்டாராம்.

இன்ஜின் ஹெட்டைக் கழற்றி வளைந்த வால்வுகளை வரிசையாக ஒரு பேப்பரில் வைத்துக் காட்டினேன். ஒன்றுகூட நேராக இல்லை. மனிதர் ஒன்றை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். தப்பு செய்துவிட்டோம் என்று முகத்தில் ஒரு கோடாவது விழும் என்று காத்திருந்தேன். வால்வைத் திரும்ப வைத்துவிட்டு என்னைத்தான் முறைத்தார்.

"அந்த டிராக்டரு அஞ்சு டன்னு மாங்காயவே அழாம இழுத்துக்கினு வருது, இது இன்னாய்யா கயித்துல கட்டினதுக்கே உடையுற வண்டி?"

வெள்ளைக் குறி

வாடிக்கையாளர்களை மட்டும் திட்டினால் நியாயமில்லை. பாகாலா ஸ்டேஷன் பக்கம் ஷெட் போட்டிருக்கும் பாபு என் தொழில்காரர்தான். வேகமான கை. மூளை மட்டும் பின்னாலேயே நடந்து வரும். ஒருநாள் போன் செய்தார்: பம்ப் ஜாம் ஆன வண்டி, புதுப் பம்ப் போட்டாச்சு, செயினையும் மாற்றியாச்சு, ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. கேம்ஷாஃப்டைப் பூட்டிவைக்கும் லாக் பின் போட்டு டைமிங் வைத்தீர்களா என்றேன். அதெல்லாம் கம்பெனிக்காரன் வேலை, நான் ஒயிட்னரில் குறி போட்டுத்தான் கழற்றுவேன் என்றார்.

போய்ப் பார்த்தேன். கியர் பல்லிலும் செயினிலும் வெள்ளை வெளேரென்று அழகான குறிகள், கோலம் போட்ட மாதிரி. பழைய செயினின் குறியைக் கண்ணி எண்ணிப் புதுச் செயினுக்கும் மாற்றியிருக்கிறார். ஒரு விஷயம்தான் அவருக்குத் தோன்றவில்லை. பம்ப் இறுகி, செயின் இரண்டு பல் தாவி, எல்லாம் நாசமான பிறகு போட்ட குறி அது. அந்தத் தப்பை அப்படியே பத்திரமாக எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறார். லாக் பின் போட்டு, சரியாக வைத்து, கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. பாபுவுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது.

"எப்டி கழட்டினனோ அப்டியே மாட்டி கீறேன், ஒரு பல்லு மாறல. வண்டி ஒத்துக்காததுக்கு நான் இன்னா பண்றது?"

கண் பட்ட பம்ப்

இவர் எங்கள் நகரிக்காரர், எனக்குத் தூரத்துச் சொந்தம்கூட. பத்துப் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுகிறார். வண்டி வரும்போதே முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் மாலைபோலத் தொங்கின. பம்ப் இறுகியதற்குக் காரணம் மைத்துனர் வீட்டுக் கண் என்று இறங்கும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆயில் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தது ஆயில் இல்லை, வெல்லப்பாகு. பம்ப்புக்கு ஆயில் போகும் ஓட்டை அடைத்து ஒரு யுகம் ஆகியிருக்கும்.

வேலை முடிந்து ஸ்டார்ட் செய்யப் போனால் கையைப் பிடித்துக்கொண்டார். ராகு காலமாம். ஒன்றரை மணி நேரம் சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் ஆயிலின் அருமையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தறிக்குத் தினமும் எண்ணெய் விடுகிற மனிதர், இது புரியாமலா போகும் என்று நம்பினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தறி நாளெல்லாம் ஒழைக்குது, எண்ணெ ஊத்துறேன். காரு இன்னா ஒழைக்குது? வாரத்துக்கு ஒரு வாட்டி கல்யாணம் துன்னப் போய்க்கினு வர்றதுதானே?"

இறங்க எதற்கு இன்ஜின்

மலைக்கு டாக்ஸி ஓட்டுகிற ஒருவர், மலையிலிருந்து இறங்கும்போது மட்டும் பிரேக் ஹார்டு ஆகிறது என்று வந்தார். அடடா, உண்மை சொல்கிற ஒரு ஆள் என்று எனக்குச் சந்தோஷம். இன்ஜினை ஓடவிட்டு நாலைந்து தடவை விடாமல் மிதித்துப் பார்த்தேன். அப்படித்தான் பார்க்க வேண்டும். பம்ப் செத்திருந்தாலும் முதல் ஒன்றிரண்டு மிதிக்குச் சேர்த்துவைத்த வேக்குவம் கைகொடுக்கும், அதற்கப்புறம்தான் உண்மை தெரியும். பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கியது. வேக்குவம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்தேன். பம்ப் குதிரை மாதிரி இழுத்தது. இரண்டு நாளில் அதே புகாரோடு திரும்ப வந்தார். கழற்றிப் பார்த்தேன், குறை இல்லை.

மூன்றாவது தடவை வேலையை எல்லாம் போட்டுவிட்டு அவரோடு மலைக்கே போனேன். இறங்குகிற ரோட்டில் முதல் வளைவு தாண்டியதும் மனிதர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் பிரேக் கல்தான். எத்தனை பக்தர்களை இப்படி இறக்கியிருக்கிறார்! போடுய்யா சாவியை என்று நான் கத்தின கத்தலில் பின்னால் வந்த பஸ்காரர்கூட ஹாரன் அடித்தார். இவர் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்.

"ஏர்றதுக்குதான் இன்ஜின் வோணும். எறங்குறதுக்கு மலையே தள்ளுது, டீசலை எதுக்குண்ணா எரிக்கணும்?"

புத்தூர் டீச்சர்

இத்தனை பேரை நக்கல் அடித்துவிட்டு இதை மட்டும் மறைத்தால் நானும் அவர்களில் ஒருத்தன்தான். கோமதி டீச்சர் புத்தூரில் கணக்குப் பாடம் எடுக்கிறவர். என் கேள்விக்காகக் காத்திராமல், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்து "அண்ணா, பிரேக் ஹார்டா இருக்குது" என்று, டாக்ஸிக்காரரை விட்டால், தானாகச் சொன்ன ஒரே ஆள். நான் பாபு கெடுத்த இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். எழுந்துகூட வரவில்லை. "ஹீல்ஸ் போட்டுக்கினு மிதிச்சா அப்டிதாம்மா இருக்கும், செருப்ப மாத்துங்க" என்றேன். அவர் காலில் என்ன இருந்தது என்று பார்க்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை பெரிய மனது பண்ணி எழுந்துபோய், கதவைத் திறந்து, காலை நீட்டி ஒரே ஒரு மிதி மிதித்தேன். நன்றாக இறங்கியது. "எனக்கு நல்லாத்தான் கீது, பொம்பளைங்களுக்குக் கால்ல பலம் பத்தாது, ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றேன். டாக்ஸிக்காரருக்கு மலை வரைக்கும் போனவன், டீச்சருக்கு இரண்டாவது மிதி மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்றாவது தடவை வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இடதுபக்கம் ஹெட்லைட்டிலிருந்து டிக்கி வரை பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. டீச்சர் தன் நைனாவையும் ஏழு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியிருக்கிறார். பாதி வழியில் பம்ப் இறுகி, டைமிங் போய், இன்ஜின் நின்று, பெடல் கல்லாகிவிட்டது. பதறாமல் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வண்டியை மலைப் பக்கத்துச் சுவரோடு தேய்த்துத் தேய்த்து நிறுத்தியிருக்கிறார். வலதுபக்கம் ஒடித்திருந்தால் பள்ளம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தக் குழந்தை என் ஒர்க்ஷாப் ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வருஷக்கணக்கான பழக்கம், நாக்கு தானாகப் புரண்டது. "பிரேக் முன்னாடியே ஹார்டு ஆச்சாம்மா?" என்று கேட்டேவிட்டேன். டீச்சர் கத்தவில்லை. வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு புடவையைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டினார். தட்டையான புது ரப்பர் செருப்பு.

"ரெண்டு வாட்டி வந்து சொன்னேன், நீங்க செருப்ப மாத்தச் சொன்னீங்க. மாத்திட்டேண்ணா, இதுக்கு மேல இன்னா மாத்தணும்?"

இத்தனை வருஷ அனுபவத்தில் என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்ள முடிவது, டீச்சர் வண்டியை இழுத்துவந்த அந்த நாளுக்கு முந்தின நாள்வரை நானும் நன்றாகத்தான் இருந்தேன் என்பதுதான்.