சாங்கியில் தவறவிட்ட பஸ்

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். சிங்கப்பூருக்கு வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி கப்பலில் வந்து இறங்கி மூன்றே மாதம்.

எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. ஊரெல்லாம் வேலைக்குப் போயிருக்கும் அந்த நாளில் பஸ் காலியாக இருக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. காலையில் கிளம்பி, பஸ்ஸிலேயே தீவின் ஏதாவது ஒரு மூலைக்குப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது. பொங்கோல் கடைசிவரை போயிருக்கிறேன். பாசிர் பாஞ்சாங்கில் கடலைப் பார்த்துக்கொண்டே எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டிருக்கிறேன். பூமலை என்று நாங்கள் சொல்லும் தாவரவியல் பூங்காவுக்குப் போன கணக்கே இல்லை. அப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கம்பெனி பஸ், ஒவ்வொரு நிறம். எந்த பஸ் எங்கே நிற்கும், எங்கே மாற வேண்டும், கடல் தெரிய எந்தப் பக்கம் உட்கார வேண்டும், குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அச்சக நண்பர்கள் குடும்பத்தோடு எங்காவது போவதென்றால் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மனைவியோ அதிகம் பேச மாட்டாள். பஸ்ஸில் நான் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வருவேன். அவள் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். பாவம், ஊர் புதிது, ஒன்றும் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் புதன்கிழமை சாங்கிக்குத் திட்டம். பக்கத்து அறையில் இருந்த பெண்ணுக்குப் பிரசவமாகிப் பத்து நாள்தான். கைக்குழந்தையோடு மூத்தவளையும் பார்த்துக்கொள்ள முடியாமல் தவித்தாள். மூத்தவளுக்கு ஐந்து வயது. நாங்கள் பாப்பா என்று கூப்பிடுவோம். "அண்ணே, இவளையும் கூட்டிட்டுப் போறீங்களா? நான் ஒரு மணி நேரமாவது கண்ணை மூடுவேன்" என்று கேட்டாள். சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போனோம்.

கேலாங் சிராய் சந்தை அருகே பஸ் மாறி, பத்தரை மணிக்கெல்லாம் சாங்கி போய்ச் சேர்ந்தோம். சவுக்கு மரத்தடியில் பையை வைத்தோம். பாப்பாவுக்கு அலையைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் அவள் அலறுகிற சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால், மணலில் புதைந்திருந்த உடைந்த பாட்டிலை மிதித்திருக்கிறாள். பாதம் நீளமாகக் கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. மனைவி தன் சேலைத் தலைப்பைச் சர்ரென்று கிழித்து, காலை இறுக்கிக் கட்டி, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வாங்க, பஸ்ஸுக்குப் போவோம்" என்றாள்.

பஸ் புறப்படும் இடத்தில் தயாராக ஒன்று நின்றது. மூவரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பை ஞாபகம் வந்தது. நோட்டு அதில்தான் இருந்தது. இந்த பஸ் எட்டு நிமிடம் நின்றுதான் கிளம்பும் என்று என் கையாலேயே அதில் எழுதி வைத்திருந்தேன்.

"நீ உட்காரு, இதோ எடுத்துட்டு வந்துடறேன்."

"பை கிடக்கட்டுங்க" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் ஓடினேன்.

பையோடு திரும்பி வரும்போது பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. கத்தினேன், கையை ஆட்டினேன், செருப்பு கழன்று விழ ஓடினேன். ஜன்னலில் அவள் முகம் ஒரு நொடி தெரிந்தது. அவ்வளவுதான்.

அடுத்த பஸ் வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுக்க நான் நினைக்காத விபரீதம் இல்லை. அவளுக்கு மலாய் தெரியாது, ஆங்கிலம் தெரியாது. டிக்கெட்கூட என்னிடம்தான் இருந்தது. மடியில் அடிபட்ட பிள்ளை, அதுவும் அடுத்தவர் பிள்ளை. எங்கே இறங்குவாள், யாரிடம் என்னவென்று கேட்பாள்?

பஸ் வந்ததும் ஏறி, வழியெல்லாம் வெளியே தேடிக்கொண்டே வந்தேன். ஒரு கம்போங்கில், மலாய்க்காரர்களின் கிராமத்தில், இருந்த நிறுத்தத்தில் சேலை கட்டிய பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டு அவசரமாக இறங்கினேன். அது வேறு யாரோ. அங்கே இன்னொரு அரை மணி போனது. கேலாங் சிராயில் இறங்கி, சந்தை வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தேங்காய் விற்றவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினேன். எங்கள் அறை பூட்டியிருந்தது. பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டீங்களா அண்ணே? பாப்பா எங்கே?"

அந்தக் கேள்விக்கு முன்னால் நின்ற மாதிரி என் வாழ்க்கையில் வேறெங்கும் நான் நின்றதில்லை. பிறந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. "அக்கா கூடத்தானே இருக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். தலையாட்டினேன். மாடிப்படியின் மேல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று சொல்லி நான் இரண்டு படி இறங்கியிருப்பேன்.

கீழேயிருந்து பாப்பாவின் குரல் கேட்டது. "அம்மா, எனக்கு ஊசி போட்டாங்க!"

மனைவி அவளைத் தோளில் சாய்த்தபடி படியேறி வந்தாள். பாப்பாவின் காலில் வெள்ளை வெளேரென்று புதுக்கட்டு. பிள்ளையைத் தாயின் மடியில் உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பையை எடுத்துட்டீங்களா?"

அப்போதுதான் கவனித்தேன். என் கையில் பை இல்லை. தவித்துத் தவித்து இறங்கிய ஏதோ ஒரு பஸ்ஸிலேயே அதை விட்டிருக்கிறேன், நோட்டோடு சேர்த்து.

பிறகு அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. பஸ் கிளம்பியதும் கத்திப் பார்த்திருக்கிறாள், நிற்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எனக்காகக் காத்திருக்கலாமா என்று யோசித்தாளாம். கட்டுத் துணி நனைந்துகொண்டே வந்ததால், காத்திருப்பது சரியில்லை என்று முடிவு செய்தாளாம்.

"காலையில பஸ் மாறுறப்ப நீங்க நோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. எதிர்த்தாப்ல ஒரு கட்டடம். வாசல்ல பொம்பளைங்க பிள்ளைங்களோட வரிசையா நின்னாங்க. வெள்ளைத் தொப்பி போட்ட நர்ஸ் ஒருத்தி வந்து கூப்பிட்டா. அது பிள்ளைங்க ஆஸ்பத்திரின்னு அப்பவே தெரிஞ்சுது."

சந்தையும், தேங்காய்க் குவியலும், கூண்டில் பறவை தொங்கிய கடையும் தெரிந்ததும் எழுந்து நின்றிருக்கிறாள். மலாய் அவளுக்குச் சந்தையில் பழகிய நாலு வார்த்தைதான். "சினி, சினி" என்று இறங்க வேண்டிய இடத்தைக் காட்டி, பாப்பாவின் காலைத் தொட்டு, வலி என்பதற்கு "சாக்கிட்" என்றிருக்கிறாள். கண்டக்டர் டிக்கெட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல் உடனே பஸ்ஸை நிறுத்தினாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா ஒருவர், தான் போக வேண்டிய இடம் இன்னும் வராதபோதும் கூடவே இறங்கி, நர்ஸிடம் பேசி, கண்ணாடித் துண்டை எடுக்கும்போது பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

அந்த அம்மாவின் பெயர் என்னவென்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. நான் சந்தை வாசலில் நின்று கத்தியபோது என் மனைவி முப்பது அடி தள்ளி, சாலையின் எதிர்ப்பக்கம், அந்தக் கட்டடத்துக்குள் இருந்திருக்கிறாள்.

"சரி, அங்கேயிருந்து வீட்டுக்கு எப்படி வந்தே?"

"காலையில வந்த பஸ்ஸோட கலரும் நம்பரும் தெரியாதா என்ன? நம்ம வீட்டுப் பக்கத்துத் தேக்கா சந்தை வந்ததும் இறங்கி நடந்தேன். எட்டு வருஷமா இருக்கிறவங்களுக்குத்தான் நோட்டு வேணும்" என்றாள். சொல்லிவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாப்பாவின் தாய் என் மனைவியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பாப்பாவின் கால் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு நான் புது நோட்டு வாங்கவில்லை. அடுத்து எங்கே போகலாம், எப்போது கிளம்பலாம் என்பதை மனைவியே சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், வெளியே தனியாகப் போகப் பயந்தவர்கள், புதன்கிழமைகளில் அவள் பின்னால் பஸ் ஏறினார்கள். நானும் போவேன், தண்ணீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு.

மூன்று மாதமாக "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவள் அத்தனை நாளும் இந்த ஊரை எவ்வளவு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்துகொள்ள, நான் ஒரு பஸ்ஸைத் தவறவிட வேண்டியிருந்தது; அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, அவளுக்குக் கணவனாக வாய்த்ததில் பெருமையாகவும் இருக்கிறது.